நண்பகலில் நின்றுபோகும் ஏ.சி.: தில்லி வெயிலில் பழுது எங்கே?

புது தில்லி: தலைநகர் தில்லியில் மே மாதம் பிறந்துவிட்டால் ஏ.சி. பழுதுபார்ப்போரின் கைப்பேசிகளுக்கு ஓய்வு இல்லை. அவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு. இரவில் ஏ.சி. நன்றாக இயங்குகிறது, காலையிலும் குறையில்லை. பிற்பகல் 2 மணியளவில், வெயில் உச்சத்தில் இருக்கும்போது, குளிர்காற்று நின்றுபோகிறது. உள்ளே இருக்கும் மின்விசிறி மட்டும் வெறும் காற்றை வீசிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே மீண்டும் குளிர்கிறது. சிறிது நேரத்தில் மறுபடியும் நின்றுவிடுகிறது.

வருகிற மெக்கானிக் பெரும்பாலும் சொல்லும் தீர்ப்பு "கேஸ் குறைந்துவிட்டது" என்பதுதான். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் ஏ.சி. மறுபடியும் நிற்கிறது. காரணம், இந்தப் பழுதின் வேர் பல வீடுகளில் கேஸில் இல்லை, ஏ.சி. எங்கே, எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. தனி ஒரு வீட்டின் தொல்லையாகத் தோன்றும் இது, மின் தேவை, கட்டட விதி, தொழிலாளர் பயிற்சி எனப் பல துறைகளைத் தொடும் பொதுப் பிரச்னையாகவும் வளர்ந்து நிற்கிறது.

ஓய்வு தராத இரவு

2024-ஆம் ஆண்டுக் கோடை தில்லிவாசிகளால் எளிதில் மறக்க இயலாதது. அவ்வாண்டு மே 29-ஆம் தேதி நகரின் முதன்மை வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அங்கு 79 ஆண்டுகளில் அதுவே மிக அதிகம். அதே நாளில் முங்கேஷ்பூரில் உள்ள தானியங்கி நிலையம் 52.9 டிகிரி எனக் காட்டியது நாடு முழுவதும் பேசப்பட்டது. அக்கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது.

ஏ.சி.யைப் பொருத்தவரை பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பமே கூடுதல் சோதனை. அதே ஆண்டு ஜூன் 19-ஆம் தேதி தில்லியின் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரியாக இருந்தது. அதாவது, விடியற்காலையில்கூட அதற்குக் கீழே இறங்கவில்லை. அன்று பிற்பகல் தலைநகரின் மின் தேவை 8,656 மெகாவாட் என்ற அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. இரவில் சற்று ஓய்வெடுத்து வந்த கம்ப்ரசர்கள் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடின. ஓய்வில்லாத எந்திரத்தில் மறைந்திருக்கும் சிறு குறையும் வெளிப்பட்டே தீரும்.

ஏழு ஹீட்டர்களின் வெப்பம்

ஏ.சி. குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே அதன் வேலை. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறன். வீடுகளில் பரவலாக உள்ள ஒன்றரை டன் ஏ.சி. அறையிலிருந்து சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. கம்ப்ரசர் செலவிடும் ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. ஆக, வெளியே மாட்டப்பட்டுள்ள பெட்டி சுமார் 7 கிலோவாட் வெப்பத்தைக் காற்றில் விட வேண்டும். வாளியில் வெந்நீர் வைக்கும் 1,000 வாட் ஹீட்டர்கள் ஏழினை ஒரே நேரத்தில் இயக்குவதற்கு இது சமம்.

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் பாயும். எனவே வெளிப்பெட்டியின் குழாய்களில் ஓடும் வாயு, வெளிக்காற்றைவிடக் கணிசமாகச் சூடாக இருந்தால்தான் வெப்பத்தை வெளியேற்ற முடியும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது வாயு 50 டிகிரி அளவில் இருந்தால் போதும். வெளியே 46 டிகிரி என்றால் அது 60 டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்கேற்பக் கம்ப்ரசர் வாயுவை மேலும் இறுக்கி அழுத்த வேண்டும். கூடுதல் மின்சாரத்தை இழுக்க வேண்டும். தானும் சூடாக வேண்டும்.

இந்திய தர நிர்ணயத்தின்படி ஏ.சி.யின் குளிரூட்டும் திறன் அளக்கப்படுவது வெளியே 35 டிகிரி, அறைக்குள் 27 டிகிரி என்ற நிலையில். நட்சத்திர முத்திரைக்கு அடிப்படையான பருவகாலத் திறன் கணக்கு ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டையும், 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளி வெப்பத்தையும் கணக்கில் கொள்கிறது. தில்லியின் மே, ஜூன் மாதங்களில் மிகக் கடுமையான வெயில் அடிக்கும் பிற்பகல்கள் இந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. ஒட்டப்பட்டுள்ள முத்திரை பொய்யல்ல. ஆனால், அது பேசும் வெயில் வேறு.

பாதுகாப்புக் கருவியே நிறுத்துகிறது

கம்ப்ரசரின் மேல்மூடியை ஒட்டி, வெப்பத்தை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு கருவி ஒன்று உள்ளது. ஓவர்லோடு என்று மெக்கானிக்குகள் அழைப்பது இதைத்தான். அளவுக்கு மீறிச் சூடானாலோ, அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தாலோ இது இணைப்பைத் துண்டிக்கும். கனத்த இரும்பாலான கம்ப்ரசர் ஆறுவதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆறியபின் இணைப்பு தானாகத் திரும்பும். பிற்பகலில் நிற்பதும், பிறகு தானாக ஓடுவதும் இதனால்தான். இன்வெர்ட்டர் வகையில் மின்னணுப் பலகை முதலில் கம்ப்ரசரின் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும்; அதன்பிறகும் சூடு தணியாவிட்டால் நிறுத்திவிட்டு, திரையில் ஒரு பிழைக்குறியைக் காட்டும்.

ஆகவே, நிற்பது பழுதல்ல, பழுதின் அறிகுறி. "அடிக்கடி நிற்கிறது" என்பதற்காக அந்தப் பாதுகாப்புக் கருவியை விலக்கிவிட்டு நேரடி இணைப்புக் கொடுப்போரும் இருக்கின்றனர். காய்ச்சல் என்றதும் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பான செயல் இது. சில நாள்களில் கம்ப்ரசர் எரிந்துபோகும். அதனினும் மோசமாக, வீடே எரியக்கூடும்.

நேரமே துப்பு

எந்த வேளையில் நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதித் துப்பு கிடைத்துவிடும். நண்பகலில் மட்டும் நின்று, இரவில் நன்றாகக் குளிர்ந்தால் வெப்பம் வெளியேறுவதில் தடை இருக்கிறது என்று பொருள். இரவிலும் குளிர்ச்சி இல்லை என்றால் மட்டுமே கேஸ் கசிவையோ கம்ப்ரசர் தேய்வையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். விளக்குகள் மங்கும் வேளையில் நின்றால் மின்னழுத்தக் குறைவு. போட்டவுடனே எம்.சி.பி. விழுந்தால் மின்கசிவு அல்லது குறுக்கிணைப்பு. அதனைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடுவது ஆபத்து.

வெப்பத் தடைக்கு முதற்காரணம் தில்லியின் கட்டட அமைப்பு. லட்சுமி நகர், முனீர்க்கா, முகர்ஜி நகர் போன்ற நெருக்கமான பகுதிகளில் நான்கு மாடிக் கட்டடங்கள் கையெட்டும் தூரத்தில் எதிரெதிரே நிற்கின்றன. கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விடப்பட்ட குறுகிய வெளியில் ஒவ்வொரு மாடிக்கும் ஒன்று என வெளிப்பெட்டிகள் மாட்டப்படுகின்றன. கீழ்வீட்டுப் பெட்டி விடும் அனல் மேலே எழுந்து மேல்வீட்டுப் பெட்டிக்குள் நுழைகிறது. தெருவில் 45 டிகிரி என்றால் அந்த இடுக்கில் 50 டிகிரியைத் தாண்டும். மேல்மாடி ஏ.சி. முதலில் நிற்பதற்குக் காரணம் மொட்டை மாடி வெயில் மட்டுமல்ல, கீழ்வீடுகளின் வெப்பமும்தான்.

கண்ணாடி போட்டு மூடப்பட்ட பால்கனிகளிலும் இதே நிலை. திருட்டுக்கு அஞ்சி நெருக்கமான கம்பிக் கூண்டு போடுவது, அழகுக்காகத் தகர மறைப்பு வைப்பது, பெட்டியைச் சுவரோடு ஒட்டி மாட்டுவது ஆகிய மூன்றும் ஒரே விளைவையே தருகின்றன: வெளியேறிய சூடான காற்றே மீண்டும் உறிஞ்சப்படுகிறது. பெட்டியின் முன்புறம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். பின்புறம் காற்று நுழைய இடைவெளி வேண்டும். வெயில் படாமல் நிழல் அமைப்பது நல்லதுதான். ஆனால், அந்த நிழல் காற்றை மறிக்கக் கூடாது.

புழுதியும் புறாவும்

இரண்டாவது காரணம் புழுதி. கோடையில் ராஜஸ்தான் பக்கமிருந்து வீசும் லூ எனும் அனல்காற்றும், ஆந்தி எனப்படும் புழுதிப் புயலும் வெளிப்பெட்டியின் பின்புறத் தகடுகளை ஒரே பருவத்தில் அடைத்துவிடும். அதனுடன் கட்டடப் பணிகளின் சிமென்ட் தூசும் சேர்கிறது. தில்லியில் பெட்டிக்குப் பின்னால் புறாக்கள் கூடு கட்டுவதும் சாதாரணம். சுள்ளியும் இறகும் எச்சமும் காற்றுவழியை மூடிவிடுகின்றன. அறைக்குள் இருக்கும் பில்டரை மாதந்தோறும் கழுவும் குடும்பங்கள்கூட வெளிப்பெட்டியைப் பொருத்திய நாளுக்குப்பின் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்து இத்தகடுகளைச் சுத்தம் செய்தாலே பல ஏ.சி.கள் பிற்பகலைத் தாங்கிவிடும். அதிக அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து காற்றுவழியை நிரந்தரமாக மூடிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் மீது நாள்தோறும் குழாய்நீரைத் தெளிப்போர் உண்டு. உடனடியாகப் பலன் தெரிந்தாலும், தில்லியின் பல பகுதிகளில் கிடைக்கும் உப்புநீர் தகடுகளில் படிந்து, அடுத்த ஆண்டில் அவற்றை அரித்துவிடுகிறது.

மூன்றாவது, மின்விசிறியும் கெபாசிட்டரும். வெளிப்பெட்டியின் விசிறி மெதுவாகச் சுற்றினாலோ, கம்ப்ரசர் உறுமிவிட்டு அடங்கினாலோ கெபாசிட்டர் வலுவிழந்திருக்கலாம். சில நூறு ரூபாயில் தீரும் குறை இது. இதைக் கண்டறியாமல் கம்ப்ரசரே போய்விட்டது எனக் கூறிப் பல்லாயிரம் ரூபாய் செலவு வைக்கப்படுவதும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால் வீட்டார் அதில் கை வைக்கக் கூடாது.

நான்காவது, மின்னழுத்தம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பிற்பகலில் 190 வோல்ட் வந்தால், சாதாரண வகைக் கம்ப்ரசர் அதே வேலையைச் செய்யக் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். பழைய வீடுகளின் மெல்லிய கம்பிகளும், தளர்ந்த பிளக் முனைகளும் இதைப் பெரிதாக்குகின்றன. ஏ.சி.க்கென மீட்டரிலிருந்து தனிக்கம்பியும், 16 ஆம்பியர் இணைப்பும் தேவை. நீட்டிப்புக் கம்பியில் ஏ.சி.யை ஓட்டுவது எந்த நிலையிலும் தகாது. பிளக் தொட்டால் சுடுகிறது, கருகிய வாடை வருகிறது என்றால் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

கேஸ் என்னும் சர்வரோக நிவாரணி

ஏ.சி.யின் கேஸ் பெட்ரோல் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச்சுற்றி வருவது அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவது போன்றது. உண்மையிலேயே குறைந்திருந்தால் வெளிப்பெட்டியுடன் இணையும் மெல்லிய குழாயில் பனி படியும். அறைக்குத் தேவையான குளிர்ச்சி எந்த நேரத்திலும் கிடைக்காது. திரும்பி வரும் குளிர்ந்த வாயு போதாமையால் கம்ப்ரசரும் சூடாகும்.

தேவைக்கு மேல் நிரப்புவதும் கேடுதான். மாலை நேரத்தில் அழுத்தமானியை மட்டும் பார்த்து நிரப்பப்பட்ட கேஸ், மறுநாள் நண்பகலில் அளவுக்கு மீறிய அழுத்தத்தை உண்டாக்கும். முறைப்படி செய்வதென்றால் மீதமுள்ள வாயுவை வெளியேற்றி, வெற்றிடப் பம்பு கொண்டு குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, பெட்டியின் பெயர்ப்பலகையில் குறித்துள்ள எடையைத் தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும். தராசும் வெற்றிடப் பம்பும் இல்லாமல் வரும் மெக்கானிக்கிடம் கேஸ் நிரப்பும் பணியை ஒப்படைக்காமல் இருப்பதே நல்லது.

கசிவைச் சோதிக்க நைட்ரஜனையே பயன்படுத்த வேண்டும். ஆக்சிஜனை அழுத்தி ஏற்றினால், கம்ப்ரசர் எண்ணெயுடன் கலந்து வெடிக்கும். புதிய ஏ.சி.களில் பயன்படும் ஆர்-32 வாயு, பழைய ஆர்-22 வாயுவைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்குவது; ஓரளவு தீப்பற்றும் தன்மையும் கொண்டது. பழைய வாயுவுக்குப் பழகிய கைகள் அதே கருவிகளோடு புதிய வாயுவைக் கையாளும்போதுதான் விபத்துக்கு வழி பிறக்கிறது.

கசியும் வாயு வீட்டுக்கு மட்டும் இழப்பல்ல. ஆர்-22, ஆர்-410ஏ ஆகியவை புவியைச் சூடாக்கும் ஆற்றலில் கரியமில வாயுவைப்போலச் சுமார் இரண்டாயிரம் மடங்கு. ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்காக 2016-இல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றது. 2047-க்குள் ஹைட்ரோபுளோரோகார்பன் பயன்பாட்டை 85 சதவீதம் குறைப்பது அதன்படி இந்தியாவின் கடமை. ஒவ்வொரு தவறான கேஸ் நிரப்பலும் அந்தக் கணக்கில் பற்று எழுதுகிறது.

தீயும் வீழ்ச்சியும்

2024 மே 30-ஆம் தேதி தலைநகரை ஒட்டிய நொய்டாவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் வீட்டில் தீப்பிடித்தது. ஏ.சி. வெடித்ததே காரணம் என முதல்கட்டத் தகவல்கள் தெரிவித்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் தில்லி கரோல்பாக் பகுதியில், மேல்மாடியிலிருந்து வெளிப்பெட்டி கழன்று விழுந்ததில் தெருவில் இருந்த 18 வயது இளைஞர் உயிரிழந்தார். துருப்பிடித்த தாங்கியும் தளர்ந்த திருகாணியும் சாலையில் செல்வோரின் உயிரோடு தொடர்புடையவை என்பதை அச்சம்பவம் உணர்த்தியது.

மெக்கானிக்கின் உயிரும் இதில் அடங்கும். நிற்க இடமில்லாத சுவர் விளிம்பில், இடுப்பில் கயிறு இல்லாமல், 45 டிகிரி வெயிலில் நான்காவது மாடிப் பெட்டியைத் திறப்பவர்கள் பெரும்பாலும் நாள் கணக்கில் கூலி பெறுவோர். வெளிப்பெட்டியை எட்ட முடியாத இடத்தில் மாட்டுவது, அதன் பராமரிப்பைத் தடுப்பதோடு, பராமரிப்பவரையும் ஆபத்தில் நிறுத்துகிறது.

சட்டம் தொடாத இடம்

மத்திய அரசு இத்துறையில் சும்மா இருந்துவிடவில்லை. 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் எரிசக்தித் திறன் பணியகம் 2002-இல் அமைக்கப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் இயக்கியவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என விதிக்கப்பட்டது. ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அப்பணியகத்தின் மதிப்பீடு. 20 டிகிரிக்குக் கீழே செல்ல இயலாதவாறு ஏ.சி.களை வரையறுக்கும் திட்டத்தை மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூனில் அறிவித்தார். 18 டிகிரியில் வைத்தால் விரைவாகக் குளிரும் என்ற நம்பிக்கை சாதாரண வகை ஏ.சி.களில் தவறு, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடாவதே மிச்சம்.

2019 மார்ச்சில் வெளியான இந்திய குளிர்விப்புச் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சியும் சான்றும் அளிப்பதை இலக்காக வைத்தது. அப்போது நாட்டில் நூற்றில் எட்டுக் குடும்பங்களிடமே ஏ.சி. இருந்ததாக அதே ஆவணம் குறிப்பிட்டது. எஞ்சியோர் வாங்கத் தொடங்கிவிட்டனர். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது அந்த வேகத்தைக் கூட்டவே செய்யும்.

ஆனால், பொருளைத் தரப்படுத்தும் சட்டம் பொருத்துதலைத் தொடவில்லை. 2022-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எரிசக்திச் சேமிப்புத் திருத்தச் சட்டம், குடியிருப்புக் கட்டடங்களையும் எரிசக்தி விதிக்குள் கொண்டுவந்தது. எனினும், அது 100 கிலோவாட்டும் அதற்கு மேலும் மின் இணைப்புச் சுமை உள்ள கட்டடங்களுக்கே பொருந்தும். மாநிலங்கள் விரும்பினால் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மாடிக்கு ஒரு வீடாக எழும் தில்லியின் நான்கு மாடிக் கட்டடம் இந்த வரம்பை எட்டுவதில்லை. அதாவது, வெளிப்பெட்டிகள் மிக நெருக்கமாக அடுக்கப்படும் இடமே விதியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போதே வெளிப்பெட்டிக்கான இடம், நிற்பதற்கான மேடை, காற்றுவழி ஆகியவற்றைக் கேட்பது உள்ளாட்சி அமைப்புகளுக்குப் பெரும் செலவு வைக்கும் காரியமல்ல. பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளின் பட்டியலை மின் விநியோக நிறுவனங்கள் வாயிலாக வீடுகளுக்கு அளிப்பதும் இயலாததல்ல.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியவை சில. ஏப்ரலிலேயே வெளிப்பெட்டியைச் சுத்தம் செய்வித்தல். தாங்கியையும் திருகாணிகளையும் பார்க்கச் சொல்லுதல். காற்றுவழியில் உள்ள மறைப்புகளை அகற்றுதல். பிளக்கையும் கம்பியையும் சோதித்தல். 24 டிகிரிக்கு மேல் வைத்து மின்விசிறியையும் சேர்த்து ஓட்டுதல். இவையெல்லாம் செய்த பிறகும் நின்றால் மட்டுமே கேஸைப் பற்றிப் பேச்சு எழ வேண்டும்.

வெளியே எறியப்படும் வெப்பம் எங்கும் போய்விடுவதில்லை. இடமில்லாத சந்தில் அது அடுத்த வீட்டு ஏ.சி.க்குள் புகுகிறது, ஏ.சி. இல்லாத வீட்டின் சன்னலுக்குள்ளும் புகுகிறது. முதல் வீட்டில் பழுது என்ற பெயரில் மெக்கானிக் வருகிறார். இரண்டாவது வீட்டில் யாரும் வருவதில்லை.